முன்னே மூன்று மீட்டர்... பின்னே அரைக் கிலோமீட்டர்!

மாஹோ கடற்கரை வீடியோ உங்கள் போனுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். கரீபியன் கடலில் சின்ட் மார்ட்டின் என்றொரு குட்டித் தீவு. ஒரு பகுதி டச்சு ஆட்சிக்குட்பட்டது, மீதி பிரெஞ்சுப் பகுதி. டச்சுப் பகுதியிலுள்ள பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையத்தின் ஓடுதளம் கடற்கரையை ஒட்டியே தொடங்குகிறது. மணல், ஒரு குறுகிய சாலை, ஒரு கம்பி வேலி. அதைத் தாண்டினால் ஓடுதளம். இறங்க வரும் விமானம், குளித்துக்கொண்டிருப்பவர்களின் தலைக்கு மேல் சில பத்தடி உயரத்தில் இரைந்துகொண்டு போகிறது. கடற்கரையோர மதுக்கடையில் அன்றைக்கு வரும் விமானங்களின் நேரத்தை ஓர் அலைச்சறுக்குப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். அதைப் பார்க்கவே உலகெங்கிலுமிருந்து கூட்டம் வருகிறது.

இறங்கும் விமானம் பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து கிளம்பும் விமானத்தால்தான். கிழக்கிலிருந்து காற்று வீசுவதால் பெரும்பாலான விமானங்கள் கடற்கரை முனைக்கு வந்து திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் புறப்படுகின்றன. ஓடுதளம் 2,300 மீட்டர்தான். ஓர் அடியைக்கூட வீணாக்காமல் முனையிலேயே நின்று, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இன்ஜினை முழு வேகத்துக்கு ஏற்றுவார் விமானி. அந்தச் சமயத்தில் வேலியின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பின்னால் சீறும் காற்றில் கால்கள் அந்தரத்தில் மிதப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். வேலியிலேயே எச்சரிக்கைப் பலகை உண்டு. காற்று ஓர் ஆளைத் தூக்கி வீசுவதுபோலப் படமும் போட்டு, உயிர் போகலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பலகையின் அருகில் நின்றே படம் எடுத்துக்கொண்டார்கள்.

2017 ஜூலை 12 அன்று நியூசிலாந்திலிருந்து சுற்றுலா வந்திருந்த 57 வயதுப் பெண் ஒருவர் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புறப்பட்டது ஒரு போயிங் 737. பெரிய ஜம்போ விமானம்கூட இல்லை. நம்மூரிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிற அளவுதான். காற்று அவரைப் பிய்த்து எறிந்தது. தலை கான்கிரீட்டில் மோதியது. மருத்துவமனையில் இறந்துபோனார்.

விடுமுறைக்கு வந்த இடத்தில் நேர்ந்த மரணம் இது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிளம்பும் விமானத்துக்குப் பின்னால் எவ்வளவு தூரம் ஆபத்து என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 737 முழு வேகத்தில் கிளம்பும்போது, வால்பக்கம் அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆபத்தான பகுதி என்றே அதன் பராமரிப்புக் கையேடு கணக்கிடுகிறது. மாஹோ வேலிக்கும் விமானத்துக்கும் இடையிலோ சில பத்து மீட்டர்கள்தான்.

பின்பக்கம் தள்ளுகிறது என்றால் முன்பக்கம் இழுக்கிறது. இதுதான் விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் நிஜமாகவே பயப்படும் இடம்.

அந்த 737-ன் இன்ஜின் முழு வேகத்தில் ஒரு விநாடிக்கு 300 கிலோவுக்கும் அதிகமான காற்றை உள்ளே இழுக்கிறது. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஒன்பது அறைகளில் இருக்கும் காற்று ஒரே விநாடியில் காலி. விமானம் நின்றபடி, இன்ஜின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால்கூட முன்னால் சுமார் 3 மீட்டருக்குள் யாரும் போகக் கூடாது. வேகம் கூட்டினால் அந்த எல்லை 4 மீட்டரைத் தாண்டும். இன்ஜின் பெரிதாகப் பெரிதாக எல்லையும் விரியும்.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. நெருங்கும்போது இழுவை சீராகக் கூடுவதில்லை. இன்ஜினுக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் பாதியானால், காற்றின் வேகம் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடுகிறது. ஐந்து மீட்டரில் நிற்பவருக்குச் சட்டை லேசாகப் படபடக்கும், அவ்வளவுதான். ‘ஒன்றும் இல்லையே’ என்று இரண்டு எட்டு முன்னால் வைத்தால், மூன்றாவது எட்டை அவர் வைக்க வேண்டியதில்லை. இன்ஜினே அவரை இழுத்துக்கொள்ளும். காதில் இரைச்சலைத் தடுக்கும் கவசம் வேறு. சுற்றிலும் நாலைந்து விமானங்கள் இரைந்துகொண்டிருக்க, எதன் இன்ஜின் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்பதைக் காதால் பிரித்தறிய முடியாது. அதனால்தான் இன்ஜினின் மூக்கில் வெள்ளை நிறத்தில் ஒரு சுழி வரைந்திருக்கிறார்கள். அது சுற்றுவது தெரிந்தால் கிட்டே போகக் கூடாது. விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்வரை நெருங்கக் கூடாது என்பது தரைப்பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்.

பாடம் தெரிந்தவர்களும் இறந்திருக்கிறார்கள். 2015 டிசம்பர் 16 இரவு, மும்பையிலிருந்து ஹைதராபாத் கிளம்பிய ஏர் இந்தியா ஏர்பஸ் 319 விமானத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, டிராக்டர் விலகிக்கொண்டிருந்தது. தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் இன்ஜினுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். தரையிலிருந்து வந்த சைகையை விமானி அறையில் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. விமானம் நகர்ந்தது. அவர் உள்ளே இழுக்கப்பட்டார். விதி தெரியாதவரல்ல அவர். ஆண்டுக்கணக்கில் அதே வேலையைப் பார்த்தவர்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி விமான நிலையத்தில் 2022 டிசம்பர் 31 அன்று நடந்ததைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. வந்து நின்றது எம்ப்ரேயர் 175 ரக விமானம். நின்ற பிறகு மின்சாரம் தர வால்பகுதியில் ஒரு சிறு இன்ஜின் இருக்கும். அன்றைக்கு அது பழுது. எனவே வெளியிலிருந்து மின் இணைப்புக் கொடுக்கும்வரை பிரதான இன்ஜின்களை ஓடவிட வேண்டிய நிலை. இதைத் தரைப்பணியாளர்களைக் கூட்டி வைத்து முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இன்ஜின் நிற்கும்வரை யாரும் கிட்டே போகாதீர்கள், எச்சரிக்கைக் கூம்புகளையும் வைக்காதீர்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். இருந்தும் ஒரு பெண் பணியாளர் கூம்பை எடுத்துக்கொண்டு வால்பக்கம் போனார். பின்பக்கக் காற்றில் அவர் தடுமாறுவதைப் பார்த்த சக ஊழியர் கத்தினார், கையை ஆட்டினார். அந்த இரைச்சலில் எதுவும் எட்டவில்லை. அங்கிருந்து விலகி இறக்கையோரமாக நடந்து வந்தவர், இன்ஜினின் வாய்க்கு முன்னால் வந்துவிட்டார்.

விமானம் வந்ததும் கூம்பை வைக்க வேண்டும். தினமும் செய்கிற வேலை. கை பழகிய வேலையைக் கால் தேடிப் போய்விட்டது. மறுபடி மறுபடி சொல்லித்தருவதும், ஆள் குறைக்காமல் வேலை வாங்குவதும், நேரம் ஆகிறது என்று விரட்டாமல் இருப்பதும் ஏன் தேவை என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

இடமில்லாத ஓடுதளங்கள்

விமானத்தைச் சுற்றி ஆளில்லாத இடம் வேண்டும். முன்னால் கொஞ்சம், பின்னால் நிறைய, ஓடுதளத்தின் இரு முனையிலும் கணிசமாக. பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். இடமில்லாத ஊர்களில்தான் விசித்திரமான ஓடுதளங்கள் பிறக்கின்றன.

ஜிப்ரால்டர் அப்படிப்பட்ட ஊர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் குதிரைப் பந்தய மைதானத்தின் மேல் ஓடுதளம் போட்டார்கள். இரு முனையும் கடல். ஸ்பெயினிலிருந்து ஊருக்குள் வரும் பிரதான சாலையோ ஓடுதளத்தின் குறுக்கே போயிற்று. ரயில்வே கேட் மாதிரி தடுப்பை இறக்கி, விமானம் போன பிறகு வாகனங்களை விட்டார்கள். 2023 மார்ச் இறுதியில் சுரங்கச் சாலை திறந்த பிறகுதான் கார்கள் ஓடுதளத்தை விட்டு அந்தச் சாலைக்கு மாறின. நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் இன்றும் ஓடுதளத்தைக் கடந்துதான் போகிறார்கள்.

அங்கே பெரிய கவலை, மக்கள் தவறவிடும் சாமான்கள். ஒரு போல்ட், ஒரு சாவிக்கொத்து போதும். இன்ஜினுக்குள் போனால் விசிறி இதழ்கள் சிதையும், டயரில் ஏறினால் டயர் கிழியும். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் விமானம் எரிந்து விழுந்து 113 பேர் இறந்தது எதனால்? முன்னால் கிளம்பிய வேறொரு விமானத்திலிருந்து ஓடுதளத்தில் விழுந்துகிடந்த சுமார் 43 சென்டிமீட்டர் நீள உலோகப் பட்டை. டயர் வெடித்து, அதன் துண்டு எரிபொருள் தொட்டியில் அடித்தது.

நேபாளத்தின் லுக்லா பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள். 527 மீட்டர்தான் நீளம், ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். அங்கே ஜெட் விமானம் இறங்குவதே இல்லை. ப்ரொப்பெல்லர் வைத்த சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும்தான்.

சென்னை மீனம்பாக்கமும் இந்த வரிசையில் சேரும். இரண்டாவது ஓடுதளத்தை நீட்ட இடமில்லாமல், அடையாற்றின் மேல் பாலம் கட்டி ஓடுதளத்தை அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு ஆறு பெருகியபோது வெள்ளம் விமான நிலையத்துக்குள் புகுந்தது. நிறுத்தி வைத்திருந்த விமானங்கள் தண்ணீரில் நின்ற படங்களை நாம் மறந்திருக்க மாட்டோம். டிசம்பர் 6 அன்றுதான் பயணிகள் விமானங்கள் மறுபடி இயங்கத் தொடங்கின. ஆற்றின் இடத்தில் நாம் போய் உட்கார்ந்ததற்கு அது ஒரு கணக்கு.

இரண்டு முறை சொன்ன எச்சரிக்கை

நம் பக்கத்தில் மிகக் கொடுமையானவை டேபிள்டாப் ஓடுதள விபத்துகள். மலையுச்சியைச் சமப்படுத்திப் போட்ட ஓடுதளம். சுற்றிலும் சரிவு.

2010 மே 22 காலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737 மங்களூரில் இறங்கியது. ஓடுதளம் சுமார் 8,000 அடி. விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டதோ சுமார் 5,200 அடியைத் தாண்டிய பிறகு. வழியில் நீண்ட நேரம் தூங்கி எழுந்திருந்த தலைமை விமானி உயரம் அதிகமாக இருப்பதைச் சரியாகக் கணிக்கவில்லை. துணை விமானியோ ‘மேலே ஏறிவிடலாம்’ என்று ஒருமுறைக்கு மேல் சொன்னார். தலைமை விமானி கேட்கவில்லை. விமானம் ஓடுதளத்தைத் தாண்டி, ஆன்டெனாவின் கான்கிரீட் மேடையில் மோதி, பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். எட்டே பேர் தப்பினார்கள்.

பத்து ஆண்டுகள் போயின. 2020 ஆகஸ்ட் 7 இரவு, கோழிக்கோடு கரிப்பூர். அதே நிறுவனம், அதே 737, துபாயிலிருந்துதான் வருகிறது. கொரோனா காலத்தில் ஊர் திரும்பியவர்கள், குழந்தைகள், விமான ஊழியர்கள் என 190 பேர். கொட்டும் மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று. 8,858 அடி ஓடுதளத்தில் விமானம் தரைதொட்டது 4,438-வது அடியில். இங்கேயும் துணை விமானி ‘மேலே ஏறிவிடலாம்’ என்று சொன்னார். இங்கேயும் அது நடக்கவில்லை. ஓடுதளத்தைத் தாண்டி, அதற்குப் பின்னாலிருந்த பாதுகாப்புப் பகுதியையும் தாண்டி, சுமார் 110 அடி கீழே விழுந்து உடைந்தது. இரு விமானிகளையும் சேர்த்து 21 பேர் உயிரிழந்தார்கள். கொண்டோட்டி மக்கள் தொற்றுப் பயத்தை ஒதுக்கிவிட்டு மழையில் ஓடிவந்து, உடைந்த விமானத்திலிருந்து ஆட்களைத் தூக்கி, கிடைத்த வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அவர்களால் பிழைத்தவர்கள் பலர்.

விமானியின் தவறு என்று விசாரணை சொல்வது சரிதான். ஆனால் மனிதன் தவறுவான் என்பதற்காகத்தானே ஓடுதளத்தின் கடைசியில் இடம் விடுகிறார்கள்? சர்வதேச விதிப்படி அந்த இடம் குறைந்தது 90 மீட்டர். 240 மீட்டர் இருப்பது நல்லது. மங்களூரில் இருந்தது 90. சமவெளியில் இதே தவறு நடந்திருந்தால் விமானம் வயலில் போய் நின்றிருக்கலாம். இடம் நீட்ட முடியாத ஊர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. சக்கரம் ஏறினால் நொறுங்கி, விமானத்தைப் புதைய வைத்து நிறுத்தும் இலகுவகை கான்கிரீட் படுகையை அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஓடுதள முனைகளில் போட்டிருக்கிறார்கள். 2005-ல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஒரு 747 சரக்கு விமானத்தையே அது பிடித்து நிறுத்தியது. மலைமேல் ஓடுதளம் போட்டுவிட்டு அந்தப் படுகைக்குச் செலவு பார்ப்பது நியாயமே இல்லை.

மலை இல்லாத ஊரிலும் இந்த இடம் தேவை என்பதற்குத் திருச்சியே சாட்சி. 2018 அக்டோபர் 12 நள்ளிரவுக்குப் பின் துபாய்க்குக் கிளம்பிய விமானம் போதுமான உயரம் ஏறாமல், ஓடுதள முனையிலிருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு எழுந்தது. வயிற்றுப் பகுதி கிழிந்த நிலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்து மும்பையில் இறங்கியது. 136 பேருக்கும் ஒரு கீறல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புதுக்கோட்டைச் சாலையும் வீடுகளும் இருக்கின்றன. திருச்சி, மதுரை, தூத்துக்குடி என எங்கு விரிவாக்கத்துக்கு நிலம் கேட்டாலும், நிலம் கொடுப்பவர்களுக்கு நியாயமான விலையும் மாற்று இடமும் தந்து, முனையில் விட வேண்டிய இடத்தை முழுதாக விட வேண்டும். அதில் மட்டும் சிக்கனம் கூடாது.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் சிறு விமான நிலையங்களில் படியிறங்கித் தரையில் நடந்துதான் போகிறோம். வரிக்கோடு போட்ட பாதையை விட்டு, இறக்கையோரம் செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். தொப்பி பறந்தால் பறக்கட்டும், பின்னால் ஓடாதீர்கள். மஞ்சள் சட்டை போட்ட பணியாளர் கையை நீட்டி ‘நில்லுங்க’ என்றால், காரணம் கேட்காமல் நின்றுவிடுங்கள்.