கடல் தாண்டினால் செல்லாத உரிமம்

ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். லாரிக்காரர்களுக்கு அங்கே ஆயிரம் காகிதம் வேண்டும். ஆனால் ஓசூரில் ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலிக்கு உரிமம் எடுத்தவர் கர்நாடகத்துக்கென்று இன்னொரு உரிமம் தேட வேண்டியதில்லை. அதைத் தருவது மாநில அரசு அல்ல, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யு.பி.சி. பிரிவு. 12 வயது நிரம்பியவர் எவரும் தேர்வெழுதிப் பெறலாம். மோர்ஸ் தேர்வு இல்லாத தொடக்க நிலைக்கு வி.யு.3, அதற்கு மேல் நிலைக்கு வி.யு.2 என்று அழைப்புக்குறி தொடங்கும்.

சிக்கல் வெளிநாடு போகும்போதுதான். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் இருந்து பயிற்சிக்கும் வேலைக்கும் அயல்நாடு போகிறவர்கள் பலர். அவர்களில் ஹாம் ஒருவர் இருந்தால், அவருடைய உரிமம் தானாக அங்கே செல்லாது. வேற்று நாட்டு உரிமக்காரரைத் தற்காலிகமாகப் பேச விடுவதா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்று சர்வதேச வானொலி விதிகள் சொல்கின்றன.

ஐரோப்பிய நாடுகள் இதை 1985-லேயே எளிதாக்கிக் கொண்டன. சி.இ.பி.டி. என்னும் அவற்றின் அஞ்சல், தொலைத்தொடர்புக் கூட்டமைப்பின் ஏற்பாட்டின்படி, சேர்ந்திருக்கும் ஒரு நாட்டின் உரிமத்தோடு இன்னொரு நாட்டில் 3 மாதம் வரை தனி அனுமதியின்றிப் பேசலாம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எனப் பிற கண்டத்து நாடுகளும் பிறகு சேர்ந்தன. இந்தியா சேரவில்லை. சேர்ந்தாக வேண்டும். சேராததால், ஜெர்மனிக்குப் போகும் ஓசூர்க்காரர் அந்நாட்டு நிர்வாகத்தை அணுகி அனுமதி கேட்க வேண்டும், அல்லது அங்கேயே தேர்வு எழுத வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை மேல். அந்நாட்டோடு இருதரப்பு உடன்பாடு இருப்பதால், இந்தியக் குடிமகன் தன் இந்திய உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம். கலிபோர்னியாவில் இருந்தால் அழைப்புக்குறிக்கு முன்னால் 'டபிள்யு 6' சேர்க்க வேண்டும். ஒவ்வோர் உரையாடலிலும் ஒரு முறையாவது எந்த ஊர், எந்த மாநிலம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டு தங்குகிறவர்கள் அங்கேயே டெக்னீஷியன் தேர்வு எழுதிவிடலாம்: 35 கேள்வியில் 26 சரியானால் தேர்ச்சி. குடியுரிமை கேட்பதில்லை.

இத்தனை அலைச்சல் எதற்கு என்று கேட்பவர்கள் அந்தமானைப் பார்க்கலாம். 1987-க்குப் பிறகு அங்கிருந்து ஹாம் ஒலிபரப்புக்கு வழியில்லாமல் இருந்தது. மீண்டும் அனுமதி கிடைத்து, 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தது. அந்த மாதம் 26-ஆம் தேதி சுனாமி. தொலைபேசிகள் செயலிழந்த தீவுகளில் இருந்து உறவினர்களுக்குச் செய்தி சொல்ல அந்த நிலையம் கைகொடுத்தது. அனுமதி சில வாரம் தள்ளிப்போயிருந்தால் அந்தக் கருவிகள் அங்கே இருந்திருக்கவே மாட்டா.

ஆகவே பயண ஏற்பாடு தொடங்கும்போதே, போகும் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புக்கு எழுதிக் கேட்பது நல்லது. உரிமத்தின் நகல், பாஸ்போர்ட் நகல், தங்கும் முகவரி மூன்றும் தயாராக இருக்கட்டும். பதில் வருவதற்கு முன் கைக்கருவியைப் பெட்டியில் வைக்க வேண்டாம். உரிமமின்றி வயர்லெஸ் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது இந்தியாவின் 1933-ஆம் ஆண்டுச் சட்டம். வேறு நாடுகளிலும் அப்படிப்பட்ட கெடுபிடி உண்டு.