உலோகப் பரப்பில் பாசிட்ரான்–எலக்ட்ரான் இடைவினை

பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள் ஆகும். இரண்டின் நிறையும் சமம்; மின்னூட்டம் மட்டும் எதிரானது. கார்ல் ஆண்டர்சன் 1932-இல் அண்டக்கதிர்களில் இதைக் கண்டறிந்தார். பாசிட்ரானும் எலக்ட்ரானும் சந்தித்தால் இரண்டும் அழிந்து, பெரும்பாலும் தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு காமாக் கதிர்கள் தோன்றுகின்றன. இவ்வழிவு உலோகத்தின் உள்ளே ஒருவிதமாகவும் மேற்பரப்பில் வேறுவிதமாகவும் நிகழ்கிறது.

உலோகத்தின் உள்ளே

சோடியம்-22 போன்ற கதிரியக்கத் தனிமங்கள் பாசிட்ரான்களை உமிழ்கின்றன. உலோகத்தில் நுழையும் பாசிட்ரான் சில பிக்கோ நொடிகளில் வேகமிழந்து, அணுக்களுக்கிடையே அலைந்து, ஓர் எலக்ட்ரானுடன் சேர்ந்து அழிகிறது. (ஒரு பிக்கோ நொடி என்பது நொடியில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.) குறையற்ற அலுமினியத்தில் அதன் சராசரி ஆயுள் ஏறத்தாழ 160 பிக்கோ நொடி. அணு விடுபட்ட காலியிடத்தில் நேர்மின் அணுக்கருவின் விலக்குவிசை இல்லை. ஆகவே பாசிட்ரான் அங்கே சிக்கிக்கொள்கிறது. அங்கு எலக்ட்ரான்களும் குறைவு என்பதால் ஆயுள் ஏறத்தாழ 240 பிக்கோ நொடியாகக் கூடுகிறது.

மேற்பரப்பில்

அலைந்து பரப்பை அடையும் பாசிட்ரானுக்கு மூன்று வழிகள் உள்ளன.

1. வெளியேறுதல்: உலோகத்திலிருந்து எலக்ட்ரானை வெளியேற்ற ஆற்றல் தர வேண்டும். டங்ஸ்டன் போன்ற உலோகங்களில் பாசிட்ரானின் வெளியேற்று ஆற்றல் எதிர்க்குறி கொண்டது. உலோகமே அதை வெளியே தள்ளிவிடுகிறது.

2. பாசிட்ரோனியம் ஆதல்: பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானுடன் இணைந்து, ஹைட்ரஜன் அணுவைப் போன்ற அமைப்பாகிறது. உலோகத்தின் உள்ளே நெருக்கமான எலக்ட்ரான்கள் இவ்விரண்டின் கவர்ச்சியை மறைத்துவிடுவதால் இது உருவாவதில்லை. எலக்ட்ரான் அடர்த்தி குறையும் பரப்பின் வெளிவிளிம்பில்தான் உருவாகிறது. தற்சுழற்சிகள் எதிரெதிராக இருப்பின் வெற்றிடத்தில் இதன் ஆயுள் 125 பிக்கோ நொடி. இணையாக இருப்பின் 142 நானோ நொடி. பின்னது மூன்று காமாக் கதிர்களாக அழிகிறது.

3. பரப்பில் சிக்குதல்: பரப்பை ஒட்டிய கவர்ச்சியில் அகப்படும் பாசிட்ரான் அங்கேயே அழிகிறது. அது அணுவின் உட்கூட்டு எலக்ட்ரானுடன் அழிந்தால், அணு ஓர் ஆகர் எலக்ட்ரானை உமிழும். அதன் ஆற்றலைக் கொண்டு, பரப்பின் மேலடுக்கில் இருப்பது எந்தத் தனிமம் என அறியலாம்.

பயன்பாடு

கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பாசிட்ரான் ஆய்வுகள் நடைபெறுகின்றன. வேக ஈனுலையில் நியூட்ரான்கள் எஃகின் அணுக்களை இடம்பெயர்க்கின்றன. இதனால் தோன்றும் காலியிடங்கள் ஒன்றுசேர்ந்து நுண்குழிகளாகி, எரிபொருள் குழாய்களை வீங்கச் செய்யும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குழிகள் புலப்படும் முன்பே, பாசிட்ரானின் ஆயுள் கூடுவது இம்மாற்றத்தைக் காட்டிவிடுகிறது.

பாசிட்ரான் கற்றையின் ஆற்றலை மாற்றினால் அது புகும் ஆழமும் மாறும். குறைந்த ஆற்றலில் பல பாசிட்ரான்கள் பரப்புக்கே திரும்பிவிடுகின்றன. ஆகவே பரப்பில் நிகழும் அழிவைப் பிரித்தறிந்தால்தான் உள்ளிருக்கும் குறையைச் சரியாக அளவிட முடியும்.