அதிராத கன்ட்ரோலர்

2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வாங்கியவர்கள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தபோது அது வெற்றுக்கூடு போல லேசாக இருந்தது. எடை சுமார் 137 கிராம். பெயர் 'சிக்ஸாக்சிஸ்'. விளையாட்டில் குண்டு வெடித்தது, கார் சுவரில் மோதியது. கையில் எந்த உணர்வும் இல்லை. 1997-இல் வந்த 'டூயல்ஷாக்' முதல் ஒன்பது ஆண்டுகளாக விரல்களுக்குப் பழகிப்போன அதிர்வு, புதிய கருவியில் இல்லவே இல்லை.

சோனி அதற்கு ஓர் அறிவியல் காரணம் சொன்னது. புதிய கன்ட்ரோலரைச் சாய்த்தும் திருப்பியும் விளையாடலாம். அந்த அசைவை அளக்க உள்ளே சென்சார்கள் இருக்கின்றன. மோட்டார் அதிர்ந்தால் சென்சார்கள் குழம்பிவிடும் என்றது. இந்தக் காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

துணியெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் வாஷிங் மெஷின் எப்படிக் குதிக்கிறது! டூயல்ஷாக்கின் அதிர்வும் அதே வகைதான். மோட்டாரின் அச்சில் ஓர் உலோகத்துண்டு ஒரு பக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அச்சு சுழலும்போது அந்தச் சமனில்லாத எடை கருவியை எல்லாத் திசையிலும் மாறி மாறி இழுக்கும். சுழலும் வேகம் இரட்டிப்பானால் இழுக்கும் விசை நான்கு மடங்காகும். ஆகவே இத்தகைய மோட்டாரில் அதிர்வின் வேகத்தையும் வலிமையையும் தனித்தனியே மாற்ற முடியாது. ஒன்று கூடினால் மற்றதும் கூடும். அதனால்தான் டூயல்ஷாக்கில் இரண்டு மோட்டார்கள் வைத்தார்கள். இடக்கைப் பக்கம் பெரிய எடை. கனமான, மெதுவான உலுக்கலுக்கு. வலக்கைப் பக்கம் சிறிய எடை, சுருக்கென்ற படபடப்புக்கு. நம் தோலிலும் இதற்கு ஏற்றாற்போல் வெவ்வேறு உணர்விகள் உண்டு. மெதுவான அதிர்வை மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகளும், நொடிக்கு 200 முறைக்கு மேற்பட்ட வேகமான அதிர்வைப் பசினியன் நுண்ணுறுப்புகளும் நன்றாக உணர்கின்றன.

சென்சார் குழம்பும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. அந்தச் சென்சார்களில் ஒன்றான முடுக்கமானி எந்த முடுக்கத்தையும் அளக்கும். அது கை தந்ததா, மோட்டார் தந்ததா என்று அதற்குத் தெரியாது. ஆனால் மனிதக் கை நொடிக்குச் சில முறைதான் அசைய முடியும். மோட்டாரின் அதிர்வோ அதைவிடப் பல மடங்கு வேகமானது. வேகம் இவ்வளவு வேறுபட்டால், வடிகட்டிப் பிரிப்பது பொறியாளருக்குத் தெரிந்த வேலைதான். அதே நவம்பரில் வெளியான நின்டெண்டோவின் வீ கன்ட்ரோலரில் முடுக்கமானியும் இருந்தது, அதிர்வும் இருந்தது.

அந்தச் சமயத்தில் சோனி மீது நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதன் தொடக்கம் கன்ட்ரோலரில் இல்லை, ஒரு கையுறையில். கலிபோர்னியாவின் வர்ச்சுவல் டெக்னாலஜீஸ் நிறுவனம் மெய்நிகர் உலகத்துக்காகச் சைபர்குளோவ் என்ற கையுறையைச் செய்துவந்தது. கணினியில் தெரியும் பொருளை விரல் தொட்டால் உண்மை விரலும் அதை உணர வேண்டும் என்பது அங்கிருந்தவர்களின் முயற்சி. அதிர்வு மூலம் அந்த உணர்வைத் தரும் வழிக்கு மார்க் டிரெம்ப்ளே, மார்க் யிம் இருவரும் 1995 நவம்பரில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். டூயல்ஷாக் அப்போது வரவில்லை. காப்புரிமை கைக்கு வந்ததோ 2001-இல். இடையில் டூயல்ஷாக் உலகெங்கும் விற்பனையானது. காப்புரிமையில் முதலில் பார்க்கப்படுவது விண்ணப்பித்த நாள். யார் முதலில் விற்றார்கள் என்பது அல்ல. சாதாரண வாசகருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் சிறிய ஆய்வகத்தில் இருப்பவர், பெரிய தொழிற்சாலை வைத்திருப்பவரிடம் தோற்றுக்கொண்டே இருப்பார்.

2000-இல் வர்ச்சுவல் டெக்னாலஜீஸை இம்மெர்ஷன் என்ற நிறுவனம் வாங்கியது. தொடு உணர்வுத் தொழில்நுட்பமே அதன் தொழில். 2002 பிப்ரவரியில் அந்தக் காப்புரிமையை வைத்து அது சோனி மீதும் மைக்ரோசாஃப்ட் மீதும் வழக்குத் தொடுத்தது. மைக்ரோசாஃப்ட் 2003-இல் 2.6 கோடி டாலர் தந்து சமாதானமாகிவிட்டது. சோனி நின்று வாதாடியது.

கையுறைக்கும் கன்ட்ரோலருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். காப்புரிமை காப்பது கருவியின் படத்தை அல்ல. ஆவணத்தின் கடைசியில் எண்ணிட்டு எழுதியிருக்கும் உரிமைக்கோரல்களின் சொற்களை. அந்தச் சொற்கள் எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரம் உரிமையும் நீளும். 2004 செப்டம்பரில் ஓக்லாந்து நீதிமன்ற ஜூரி, சோனி காப்புரிமையை மீறியதாகச் சொல்லி 8.2 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அடுத்த மார்ச்சில் நீதிபதி கிளாடியா வில்கன் வட்டியும் சேர்த்து 9.07 கோடியாக்கி, அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் விற்கவே தடை விதித்தார். தடைப் பட்டியலில் 47 விளையாட்டுகளும் இருந்தன. எப்போது அதிர வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்வது விளையாட்டுதானே. மேல்முறையீடு முடியும்வரை தடை நிறுத்திவைக்கப்பட்டதால் விற்பனை தொடர்ந்தது.

அதிர்வு இல்லாத சிக்ஸாக்சிஸ் இந்த நிழலில்தான் வந்தது. 2007 மார்ச்சில் சோனி மேல்முறையீட்டைக் கைவிட்டு, குறைந்தது 15 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆறு மாதத்தில் டோக்கியோ கண்காட்சியில் டூயல்ஷாக் 3 அறிவிக்கப்பட்டது. அசைவுச் சென்சாரும் அதிர்வும் ஒன்றாகவே இருந்தன; எடை 192 கிராம். சென்சார் குழம்பவில்லை. வழக்குதான் காரணம் என்று சோனி சொல்லவில்லை. ஆனால் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் என்னால் வேறு முடிவுக்கு வர முடியவில்லை. பயனரிடம் இயற்பியலைக் காரணமாகச் சொல்லும்போது அந்த இயற்பியல் சரியாக இருக்க வேண்டும். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

மைக்ரோசாஃப்டின் பழைய ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: சோனியோடு இம்மெர்ஷன் சமரசம் செய்தால் வரும் பணத்தில் மைக்ரோசாஃப்டுக்குப் பங்கு தர வேண்டும். அதற்காக இரு நிறுவனங்களும் தனியே மோதின; கடைசியில் 2008-இல் இம்மெர்ஷன் மைக்ரோசாஃப்டுக்கு 2 கோடி டாலருக்கும் சற்று மேல் கொடுத்தது.

2020-இல் பிளேஸ்டேஷன் 5-உடன் வந்த டூயல்சென்ஸில் சமனில்லாத எடை இல்லை. ஒலிபெருக்கியில் இருப்பது போன்ற கம்பிச்சுருள், காந்தப்புலத்தில் முன்னும் பின்னும் நகர்கிறது. அதிர்வின் வேகத்தையும் வலிமையையும் இப்போது தனித்தனியே மாற்றலாம். திரையில் மழை பெய்தால் உள்ளங்கையில் துளித்துளியாக விழுவதுபோல் இருக்கிறது. அந்தக் கன்ட்ரோலர் கடைக்கு வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, 2019 மே மாதத்தில், சோனி இம்மெர்ஷனோடு உரிம ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது.