பேட்டரி ஒயரில் கை வைக்கும் முன்...



தராசையும் கல்லாவையும் பற்றிப் பேச வேண்டிய நம் இதழில் இவன் பேட்டரியைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். இன்று நம்மில் பலர் காரோ, சரக்கு ஏற்றும் சிறிய வண்டியோ சொந்தமாக வைத்திருக்கிறோம். வண்டி கிளம்பாவிட்டால் கடை ஊழியர் கையில் ஸ்பானரைக் கொடுத்து, "பேட்டரியைக் கழற்றிச் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு வா" என்று சொல்லிவிடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் அரிசி மூட்டைகளுடன் எங்கள் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் இன்னும் வரவில்லை. என் பேச்சைக் கேட்டு எங்கள் குடோன் ஊழியர் பிளஸ் முனையை முதலில் கழற்றப் போனார். ஸ்பானரைப் பிடித்திருந்த கையின் ஸ்டீல் வாட்ச் செயின் வண்டியின் இரும்பு பாடியில் பட்டது. பளீரென்று ஒரு பொறி! செயின் நொடியில் பழுக்கக் காய்ந்து மணிக்கட்டைச் சுட்டுவிட்டது. பிறகு வந்த டிரைவர், "அண்ணாச்சி, மைனஸை அல்லவா முதலில் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும்?" என்றார். எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வேன்? இரண்டு வாரம் அந்த ஊழியரால் மூட்டை தூக்க முடியவில்லை. இன்றும் அவர் பில்லை நீட்டும்போது அந்தத் தழும்பு என் கண்ணில் படுகிறது.

12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று அலட்சியமாக இருக்கிறோம். ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் இரு முனைகளும் இரும்பால் இணைந்துவிட்டால் பல நூறு ஆம்பியர் மின்சாரம் பாயும். மேலும், சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி பட்டு வெடிக்கக்கூடும். உள்ளே இருப்பதோ கந்தக அமிலம்.

இன்றைய வண்டிகளில் பொதுவாக மைனஸ் ஒயர் பாடியோடு இணைந்திருக்கிறது. அதாவது, வண்டியின் இரும்பு முழுவதும் மைனஸ்தான். பிளஸில் இருக்கும் ஸ்பானர் பாடியில் எங்கு பட்டாலும் ஷார்ட் ஆகும். மைனஸை முதலில் விலக்கிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

செய்ய வேண்டிய முறை இதுதான்:

1. இன்ஜின், விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய வண்டியானால் சில நிமிடம் பொறுங்கள்.

2. மோதிரம், வாட்ச், காப்பு ஆகியவற்றைக் கழற்றுங்கள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணியுங்கள். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது.

3. பிளஸ், மைனஸ் குறிகளைப் பாருங்கள். ஒயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

4. முதலில் மைனஸ், அடுத்துப் பிளஸ் என்று கழற்றுங்கள். கழற்றிய ஒயர் முனையில் துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள்.

5. பேட்டரியைச் சாய்க்காமல் இரு கைகளாலும் நேராகத் தூக்குங்கள்.

6. திரும்ப மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டரும் மற்ற மின்கருவிகளும் பழுதாகிவிடும்.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதற்கு மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து உலர விடுங்கள். மாட்டிய பின் மேலே சிறிது வாசலின் தடவினால் போதும்.

அமிலம் தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

புதிய வண்டிகளில் பேட்டரியை மாட்டிய பின் கடிகாரம், ரேடியோ ஆகியவற்றை மீண்டும் சரி செய்ய வேண்டியிருக்கலாம். வண்டியோடு தரும் புத்தகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கழற்றுவதில் மைனஸ் முதல், மாட்டுவதில் மைனஸ் கடைசி. காலையில் முதலில் வந்து கடையைத் திறந்து, இரவில் கடைசியாகப் பூட்டிச் செல்லும் முதலாளியை நினைத்துக்கொண்டால் இது மறக்காது. இந்த முறையை ஒரு தாளில் எழுதிக் குடோன் சுவரில் ஒட்டி வையுங்கள். நம்மை நம்பி உழைப்பவரின் கை நமக்கு முதலை விடப் பெரிது.