சருகுக்கு ஒரு மரியாதை

தில்லி தீ வைத்துக் கொளுத்தும் இலைகள், கோடையில் தோட்டப் பாத்திக்குக் கிடைக்கும் இலவசப் போர்வை

வசந்தம் வந்தால் மரங்கள் துளிர்க்கும் என்பது பாடப்புத்தகச் சங்கதி. தில்லியில் அவை முதலில் கொட்டித் தீர்க்கின்றன. பிப்ரவரி இறுதியில் வேம்பு ஆரம்பித்து வைக்கிறது. அரசும் மருதும் தொடர்கின்றன. சாலையோரம், பூங்கா, வீட்டு முற்றம் என எங்கும் சருகு. காலையில் பெருக்கிக் குவித்தால் மாலைக்குள் மறுபடி அதே அளவு. அலுத்துப்போன யாரோ ஒருவர் தீக்குச்சி கிழிப்பது வருடாந்திரச் சடங்கு.

சடங்குக்குத் தடை உண்டு. தலைநகர்ப் பகுதியில் இலைகளையும் குப்பையையும் திறந்த வெளியில் எரிப்பவர்களுக்கு ரூ. 5,000 அபராதம் விதிக்குமாறு 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தோட்டக் கழிவைத் தனியே சேர்த்துவைப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்றன 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள். எரிக்கக் கூடாது, சரி. குவிந்து கிடப்பதை என்ன செய்வது?

விடை அதே வீட்டின் கத்தரிப் பாத்தியில் இருக்கிறது. மே மாதத்தில் வெயில் 45 டிகிரியை எட்டும்போது, ‘லூ’ எனப்படும் அனல்காற்று வெற்று மண்ணை வறுத்தெடுக்கிறது. காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் ஆவியாகி, மேல்மண் ஓடுபோல் இறுகுகிறது. அதன்மீது சருகைப் பரப்பினால் ஈரம் தங்கும். வேர்ப்பகுதியின் சூடு தணியும். வெளிச்சம் கிடைக்காத களைவிதைகள் முளைக்கத் திணறும். மூடாக்கு என்பது இதுதான். 2016இல் பத்மஸ்ரீ பெற்ற மகாராஷ்டிரத்தின் சுபாஷ் பாலேக்கர், ‘ஆச்சாதனம்’ என்ற பெயரில் இதைத் தமது இயற்கை வேளாண்மையின் நான்கு அடிப்படைகளில் ஒன்றாக வைத்தார்.

ஆனால் கிடைத்ததையெல்லாம் கொட்டுவது மூடாக்கு அல்ல. வேப்பஞ்சருகு சிறியது, அப்படியே போடலாம். அரசு, ஆல் போன்ற அகன்ற இலைகள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டி, நீரை உள்ளே விடாது. அவற்றை மிதித்து நொறுக்கிப் போட வேண்டும். வெட்டிய புல்லை உலர்த்திய பிறகே பரப்ப வேண்டும். பச்சையாகக் குவித்தால் சூடேறி நாறும். மரத்தூளை மண்ணில் கலந்தால், மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளிறும். யூகலிப்டஸ் இலையும் நோய் கண்ட செடியின் இலையும் காய்கறிப் பாத்திக்கு ஆகாது. கறுப்பு பாலிதீன் தாள் ஈரத்தைக் காக்கும், களையையும் அடக்கும். ஆனால் மண்ணுக்கு உணவாகாது. கிழிந்தால் துண்டு துண்டாக மண்ணிலேயே தங்கிவிடும்.

போடுவதற்கு முன் களை பறிப்பது அவசியம். கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுக்காவிட்டால் மூடாக்கைத் துளைத்துக்கொண்டு எழும். அடுத்து, பாத்தி நன்றாக நனைய வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் காய்ந்தபடியேதான் இருக்கும். பிறகு இரண்டு, மூன்று அங்குல உயரத்துக்குச் சருகு. தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் இடைவெளி விடாவிட்டால் தண்டு அழுகும். விதைத்த பாத்தியில் நாற்று ஒரு சாண் வளரும்வரை பொறுத்திருக்க வேண்டும். காற்றில் பறக்காமலிருக்க மேலே நீர் தெளித்து, நாலு சுள்ளிகளைப் பரப்பினால் போதும்.

சங்கடங்களும் உண்டு. சருகுக்கடியில் கரையான் வரலாம். வாரம் ஒருமுறை கிளறிப் பார்க்க வேண்டும். ஜூலையில் மழை பிடித்ததும் போர்வையைக் குறைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் நத்தைகளுக்கும் பூஞ்சணத்துக்கும் கொண்டாட்டம்.

இலை உதிர்வது மார்ச்சில். பாத்திக்குத் தேவைப்படுவது மே, ஜூனில். இடைப்பட்ட நாட்களுக்கு வேண்டியதெல்லாம் நாலைந்து கோணிச் சாக்குகளும் மழை படாத ஒரு மூலையும்தான். தீக்குச்சியைவிட இது கொஞ்சம் செலவான வழி. ஆனால் சருகுக் குவியலின் புகையை முதலில் சுவாசிப்பவர், துடைப்பம் பிடித்த கூலியாள்தான். அதன் விலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.