பெட்டி எங்கே உட்காரும்?

வீட்டுக்குள் வயர்கள் - 14

கம்பத்திலிருந்து ஃபைபர் கேபிள் வாசல்வரை வந்து சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இனி இணைப்பு கொடுக்க வருபவர் கேட்கப்போவது ஒன்றுதான்: "மோடம் எங்க சார் வைக்கணும்?" முக்கால்வாசி வீடுகளில் அதை அந்த நிமிஷத்தில்தான் யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள். டி.வி.க்குப் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும். அதை செட்டாப் பாக்ஸ் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும். ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி, ஜன்னல் ஓரம் ஓட்டை போட்டுக் கேபிளை இழுத்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பிறகு படுக்கையறையில் சிக்னல் இல்லை என்ற புகார் வருஷக்கணக்கில் ஓடும்.

கேபிள் நுழையும் இடத்தை வைத்துப் பெட்டிக்கு இடம் பார்ப்பது தலைகீழான வேலை. கண்ணாடி இழையில் ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபல்கூட இழப்பு வராது. வீட்டுக்குள் இன்னும் இருபது மீட்டர் இழுத்தால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. சுவருக்குச் சுவர் தேய்வது வைஃபைதான். எனவே முதலில் கரண்ட், அடுத்தது வைஃபை, கேபிள் கடைசியில்.

கரண்ட்டை ஏன் முதலில் சொல்கிறேன்? பழைய லேண்ட்லைன் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே செம்புக் கம்பி வழியாக 48 வோல்ட் டி.சி. வந்துகொண்டிருந்தது. தெருவே இருட்டாகக் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது அதனால்தான். ஃபைபரில் வருவது ஒளி மட்டும். பெட்டிக்கு வேண்டிய கரண்ட்டை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று உண்டு. ஓர் இழையில் வரும் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்ட்டே தேவையில்லை. எதிர்முனையில் பேட்டரி ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் தெருவில் பவர்கட் ஆனாலும் ஒளி உங்கள் வீட்டுச் சுவர்வரை வந்தபடியேதான் இருக்கும். செத்துக் கிடப்பது உங்கள் பெட்டி மட்டும். அதற்கு உயிர் கொடுக்கப் பத்து வாட் அளவில் இருந்தால் போதும். நாள் முழுக்க ஓடினாலும் கால் யூனிட்டைத் தாண்டாது.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். பிளக் பாயிண்ட்கள் நேரடி ஈ.பி.யில் இருக்கும். மெயினை அணைத்துவிட்டு, பெட்டிக்காகப் பார்த்துவைத்த பாயிண்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள், தெரிந்துவிடும். அது இன்வெர்ட்டரில் இருந்தும், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் பெட்டி அணைந்து எரிகிறது என்றால், மாறும் அந்தக் கண நேர இடைவெளிதான் காரணம். யு.பி.எஸ். மோடுக்கான சுவிட்ச் உங்கள் இன்வெர்ட்டரில் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லையென்றால், அல்லது இன்வெர்ட்டரே இல்லையென்றால், அடாப்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு மினி யு.பி.எஸ். வாங்கி வைக்கலாம்.

வாங்கும்போது அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் என்றால் 12 வோல்ட்டேதான் வேண்டும். ஆம்பியர் அதற்குக் குறையக்கூடாது, கூடினால் பாதகமில்லை. பின்னின் உள்பக்கம் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதும் பொருந்த வேண்டும். அட்டையில் 8000 எம்.ஏ.எச். என்று பெரிதாகப் போட்டிருந்தால் உடனே 12-ஆல் பெருக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அது செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. சுமார் 30 வாட்-அவர்தான் தேறும். பத்து வாட் பெட்டிக்கு, நடுவில் வீணாவதைக் கழித்தால், இரண்டரை மணி நேரம். சாயங்கால பவர்கட்டுக்கு இது தாராளம். பராமரிப்புப் பணி என்று காலையில் நிறுத்தி சாயங்காலம் கொடுக்கும் நாளுக்கு உதவாது.

அடுத்து இடம். வீட்டின் நடுவாக்கில், ஹாலும் அறைகளும் சேரும் நடைப்பக்கச் சுவரில், தலை உயரத்தில் திறந்தாற்போல வையுங்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி மூன்றும் வைஃபைக்கு ஆகாதவை. பரணில் ஒளித்துவைப்பது என் கணக்கில் மோசமான யோசனை: வெயில் காலத்தில் அங்கே பெட்டி வெந்துபோகும், லைன் அறுந்தால் எரியும் சிவப்பு விளக்கும் யார் கண்ணிலும் படாது. ஷோகேஸுக்குள் பூட்டிவைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். பெட்டி அழகாக இல்லை என்பது உண்மைதான், என்ன செய்ய?

இடம் முடிவானால் கேபிள் தானாக வழிக்கு வரும். புது வீடு என்றால் வெளிச்சுவரிலிருந்து அந்த இடம்வரை 25 மி.மீ. பைப் ஒன்றைத் தனியாகப் பதித்து, உள்ளே நைலான் கயிறு விட்டுவையுங்கள். திருப்பங்களில் எல்போ வேண்டாம், பெண்ட் போடச் சொல்லுங்கள். வீட்டுக்குள் இழுக்கும் ஃபைபரையும் 10 மி.மீ. ஆரத்துக்குக் கீழே மடக்கக்கூடாது. டெக்னீஷியன் பவர் மீட்டரை மாட்டியதும் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 20 டி.பி.எம். பக்கம் என்றால் நிம்மதி. மைனஸ் 27 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். எங்கேயோ மடங்கியிருக்கிறது, அல்லது இணைப்பில் அழுக்கு. அதைச் சரிசெய்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மாடி இருந்தால் அங்கேயும் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வேண்டியிருக்கும். பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு கேட்-6 கேபிள் பதித்து, பி.ஓ.இ. வகைக் கருவியாக வாங்கினால் அதே கேபிளில் கரண்ட்டும் ஏறிவிடும். மாடியில் தனி இன்வெர்ட்டர் பாயிண்ட் தேடவேண்டாம். ஆனால் கீழே உள்ள பி.ஓ.இ. அடாப்டரையும் இன்வெர்ட்டர் பாயிண்டில்தான் செருக வேண்டும். ஆகவே அந்த இடத்தில் ஒன்றுக்கு மூன்று பிளக் பாயிண்ட்களாக, கொத்தனார் பூச்சு வேலையைத் தொடங்கும் முன்பே எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.