உள்ளூராட்சிச் சபைகளும் சேவைத் தரமும்

ஓர் உள்ளூராட்சிச் சபையின் திறமையை அதன் கட்டடத்தைக் கொண்டு அறிதல் அரிது. தெருவிளக்கு அணைந்த செய்தி அலுவலகத்தை எட்டிய நாளுக்கும் விளக்கு மீண்டும் எரிந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் கழிந்தன என எண்ணினால் உண்மை புலப்படும்.

இலங்கையில் 2018இல் தெரிவான சபைகளிற் பெரும்பாலானவற்றின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அடுத்த தேர்தலோ 2025 மே 6ஆந் திகதியே நடைபெற்றது. இடையில் ஈராண்டுக்கு மேலாகச் செயலாளரும் ஆணையாளருமே நிருவாகத்தை நடத்தினர். குப்பை வண்டி ஓடிற்று, சோலைவரி அறவிடப்பட்டது. அங்ஙனமாயின் உறுப்பினர் எதற்கு என ஒருவர் வினவலாம்.

நாம் அவ்வாறு கருதவில்லை. அன்றாட வேலையை உத்தியோகத்தரின் கட்டுப்பாடும் பதிவேடும் காக்கும். இச்சேவையிற் புகுந்த எம் பழைய மாணவர் இதனை நன்கறிவர். ஆயின், எந்த ஒழுங்கையை முதலிற் செப்பனிடுவது, எந்த வாய்க்காலை மாரிக்கு முன் வெட்டுவது என்பனவற்றை ஊரவரின் பிரதிநிதிகள் கேட்டுத் தீர்த்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் வரவு செலவுத் திட்டத்தைத் தவிசாளர் சபைமுன் வைக்கவேண்டுமென விதித்துள்ளது.

பணமும் வேண்டும். ஆதனங்களின் மதிப்பீட்டை உரிய காலத்திற் புதுக்காத சபையின் வருமானம் பழைய அளவிலேயே நிற்கும். வரி குறைவென மகிழும் வீட்டுக்காரரே விளக்கு எரியவில்லையென முதலில் முறையிடுபவர்!

2025இல் தெரிவான சபைகள் மாதக் கூட்டந்தோறும் முறைப்பாட்டுப் பதிவேட்டை வாசித்து, தீராதவற்றுக்குக் காரணமும் எழுதுவிக்கலாம். அதற்காகும் செலவு ஒரு கொப்பி மாத்திரமே.